வெள்ளையாய்ப் பிறந்து நீலமாகும் கல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)



கல்லூரிக்கு வந்த முதலாண்டில் ஒரு நாள் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு ஓர் எளிய சோதனை தரப்பட்டது. நீலநிறக் காப்பர் சல்பேட் படிகங்களைப் பீங்கான் கிண்ணத்தில் இட்டுச் சூடேற்ற வேண்டும். சூடேறச் சூடேற நீலம் வெளிறியது. சற்று நேரத்தில் கிண்ணத்தில் மிஞ்சியது சுண்ணாம்பு போன்ற வெண்ணிறத் தூள். ஆறிய பின் அதில் இரண்டு சொட்டு நீர் விட்டோம். ‘சுர்’ என்றொரு ஓசை. கண்ணிமைக்கும் நேரத்தில் பழைய நீலம் திரும்பி வந்துவிட்டது! கிண்ணத்தைத் தொட்டால் சூடு.

உடன் பயிலும் நண்பர்கள் வியந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அந்த வெள்ளைத் தூளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் வீட்டில் இரண்டு வாரம் கூலி இல்லாமற் போயிருக்கிறது. அக்கதையைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

அன்று பேராசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: “ஐயா, நீலக்கல் மண்ணில் கிடைக்கிறது என்கிறார்கள். இந்த வெள்ளைப் பொருள் இயற்கையில் எங்கேனும் உண்டா?” அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “எரிமலையின் வாயில் போய்த் தேடு” என்றார். நகைச்சுவையாகச் சொல்கிறார் என்றே நினைத்தேன். நூலகத்தில் கனிமவியல் நூலைப் புரட்டியபோதுதான் அது முழு உண்மை என்று தெரிந்தது. அந்த அருங்கனிமத்தின் பெயர் சால்கோசயனைட். அதைப் பற்றியதே இக்கட்டுரை.

பெயர் வந்த வழி

இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரை அடுத்துள்ளது வெசூவியஸ் எரிமலை. கி.பி. 79-இல் பாம்பேய் நகரைச் சாம்பலால் மூடிய அதே மலைதான். அது 1868-ஆம் ஆண்டிலும் பொங்கியது. அப்போது மலையின் புகைவாய்களைச் சுற்றிப் படிந்திருந்த வண்ணப் படிவுகளை, நேப்பிள்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்காஞ்செலோ ஸ்காக்கி (1810–1893) திரட்டி ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று நீரே இல்லாத காப்பர் சல்பேட்டாக இருந்தது. கிரேக்க மொழியில் ‘சால்கோஸ்’ என்றால் செம்பு. ‘கியானோஸ்’ என்றால் நீலம். இரண்டும் சேர்ந்து ‘சால்கோசயனைட்’ ஆயிற்று.

நீலமே இல்லாத கல்லுக்கு நீலம் என்று பெயர் வைப்பானேன் என்று கேட்கலாம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அது நீலமாக மாறிவிடுகிறது; அதுதான் காரணம். பிறந்தபோது இருந்த நிறத்தால் அன்றி, ஆகப்போகும் நிறத்தால் பெயர் பெற்ற கல் இது.

புகைவாய் என்பது யாது?

எரிமலை என்றதும் பாய்ந்தோடும் நெருப்புக் குழம்பே நம் நினைவுக்கு வரும். ஆனால் குழம்பு ஓய்ந்த பின்னும் மலையின் வெடிப்புகளிலிருந்தும் துளைகளிலிருந்தும் சூடான வாயுக்கள் பல மாதங்கள், சில இடங்களில் பல ஆண்டுகள் வெளிவந்துகொண்டே இருக்கும். இத்துளைகளையே ஃபூமரோல் என்கின்றனர். தமிழில் புகைவாய் எனலாம். நீராவி, கந்தக டை ஆக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு முதலியன அவற்றில் வெளிப்படும். மிகுந்த வெப்பத்தில் செம்பு போன்ற உலோகங்களும் குளோரைடு வடிவில் ஆவியாகி இவ்வாயுக்களோடு பயணம் செய்கின்றன.

இந்த வாயுக்கள் மேலே வந்து குளிரும் இடத்தில், காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, செம்பும் கந்தகமும் ஆக்சிஜனும் கூடிப் பாறையின் மேல் பொருக்காகப் படிகின்றன. இட்லிக் கொப்பரையின் மூடியில் ஆவி நீராகப் படிவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். இங்கே ஆவி நீராகாமல் கல்லாகிறது, வேறுபாடு அவ்வளவே.

சால்கோசயனைட் பிறப்பதற்கு வெப்பமும் அளவோடு இருக்க வேண்டும். சுமார் 200 பாகை செல்சியசுக்குக் கீழே, ஈரம் இருந்தால், அது நீரைச் சேர்த்துக்கொண்டுவிடும். சுமார் 650 பாகைக்கு மேலே சிதைந்து கரிய காப்பர் ஆக்சைடு ஆகிவிடும். (இந்தக் கரிய ஆக்சைடும் வெசூவியசில் கனிமமாகவே கிடைக்கிறது, அதற்கு டெனோரைட் என்று பெயர்.) இவ்விரண்டு எல்லைக்கும் இடைப்பட்ட சூட்டில், அதுவும் உலர்ந்த இடத்தில்தான் நம் கல் தங்கும். மழை ஒன்று பெய்தால் போதும், கரைந்து ஓடிவிடும். அருங்கனிமம் என்று அதைச் சொல்வது இதனால்தான். அதிலுள்ள தனிமங்கள் எவையும் அரியவை அல்ல. அது பிழைத்திருக்கும் சூழ்நிலையே அரியது.

பண்புகள்

ஒரு செம்பு அணு, ஒரு கந்தக அணு, நான்கு ஆக்சிஜன் அணுக்கள்: இதுவே இதன் கட்டமைப்பு. நிறமின்றியோ, வெளிர் பச்சை, மஞ்சள், பழுப்புச் சாயலுடனோ காணப்படும். ஈரம் பட்ட பகுதி மட்டும் வான நீலமாக இருக்கும். கடினத்தன்மை மோஸ் அளவையில் 3.5, அதாவது கால்சைட்டை விடச் சற்றுக் கடினம், புளூரைட்டை விட மென்மை. அடர்த்தி ஏறத்தாழ 3.65. படிகத்தின் மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. நீளத்தில் மட்டும் வேறுபடும்.

இதே பொருள் ஐந்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டால் நாம் அறிந்த நீலக்கல் ஆகும். கனிமவியலார் அதற்குச் சால்கந்தைட் என்று பெயரிட்டுள்ளனர். அதன் கடினத்தன்மை 2.5, அடர்த்தி ஏறத்தாழ 2.28. அதன் அச்சுகளுள் எதுவும் மற்றொன்றுக்குச் செங்குத்தாக இராது. நீர் உள்ளே புகுந்ததும் கல் மென்மையாகி, அடர்த்தி குறைந்து, வடிவமே சாய்ந்துவிடுகிறது. ஒரே பொருள்தானா இரண்டும் என்று ஐயுறும் அளவுக்கு வேறுபாடு!

இடையிலும் படிகள் உண்டு. நீலக்கல்லைச் சூடேற்றினால் ஏறத்தாழ 63 பாகையில் இரண்டு நீர் மூலக்கூறுகள் விலகும். 109 பாகை அளவில் மேலும் இரண்டு விலகும். கடைசி மூலக்கூறு 200 பாகை வரை பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று நீர் உள்ள நிலையும் பொனட்டைட் என்ற பெயரில் இயற்கையில் கனிமமாகக் கிடைக்கிறது.

நீரும் நிறமும்

நீர் நிறமற்றது. வெண்பொடியும் வெண்மையே. இரண்டும் சேர்ந்தால் நீலம் எங்கிருந்து வந்தது? எனக்கு நெடுநாள் விளங்காதிருந்தது இதுவே.

நீலக்கல்லில் ஒவ்வொரு செம்பு அயனியையும் நான்கு நீர் மூலக்கூறுகள் நாற்புறமும் நெருங்கிப் பிடித்திருக்கின்றன. ஐந்தாவது மூலக்கூறு செம்பைத் தொடாமல் சல்பேட்டோடு கைகோத்து நிற்கிறது.  நீர் நெருங்கி நிற்கும்போது செம்பிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியின் செம்மை நிறப் பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. மிஞ்சி வரும் ஒளி நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. நீரை விரட்டிவிட்டால் அவ்விடத்தில் சல்பேட்டின் ஆக்சிஜன்கள் வந்து நிற்கும். அவற்றின் பிடி நீரின் பிடியை விடத் தளர்வானது. அப்போது எலெக்ட்ரான்கள் உறிஞ்சும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதிக்கு நகர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எதுவும் குறையாததால் கல் வெண்மையாகத் தெரிகிறது.

‘சுர்’ என்ற ஓசைக்கும் சூட்டிற்கும் காரணம் உண்டு. நீர் தன் பழைய இடத்தில் போய் அமரும்போது ஒரு மோலுக்கு ஏறத்தாழ 78 கிலோ ஜூல் வெப்பம் வெளிவருகிறது. நீரை விரட்ட நாம் விளக்கில் செலவிட்ட வெப்பத்தின் ஒரு பங்கே இப்படித் திரும்பி வருகிறது. கடன் கொடுத்தது திரும்பியது என்று கொள்ளலாம்!

வெண்பொடி தூய ஆல்கஹாலில் கரையாது, நிறமும் மாறாது. அதில் சிறிது நீர் கலந்திருந்தாலும் நீலம் காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வுக்கூடங்களில் நீர் இருப்பதைக் கண்டறிய இதைப் பயன்படுத்துவது இதனால்தான்.

உடன்பிறப்புகள்

வெசூவியசின் அதே 1868-ஆம் ஆண்டுப் படிவுகளிலிருந்து ஸ்காக்கி மேலும் இரண்டு செம்பு சல்பேட்டுகளை அடையாளம் கண்டார். ஒன்று பழுப்பு நிறமான டோலரோஃபனைட். ‘ஏமாற்றும் தோற்றம்’ என்பது அதன் பெயர்ப்பொருள்; பார்த்தால் செம்பு இருப்பதாகவே தோன்றாது. மற்றொன்று மரகதப் பச்சையான யூகுளோரின்.

ருசியாவின் கம்சாத்கா தீபகற்பத்தில் டொல்பாச்சிக் எரிமலை 1975 சூலையில் வெடித்து 1976 இறுதி வரை எரிந்தது. அங்குள்ள புகைவாய்கள் பல பத்தாண்டுகள் கடந்தும் சூடு ஆறவில்லை. அங்கும் சால்கோசயனைட் கிடைத்தது. அத்துடன் உலகில் வேறெங்கும் அதுவரை அறியப்படாத கனிமங்கள் நூற்றுக்கும் மேல் அவ்வெரிமலையிலிருந்து பதிவாகியுள்ளன. ஃபெடோடோவைட் என்ற பச்சைநிறச் செம்பு சல்பேட் அவற்றுள் ஒன்று. ஓர் எரிமலை, இயற்கை நடத்தும் வேதியியல் ஆய்வுக்கூடமே அன்றோ!

நம் நாட்டில்

நம் நாட்டிலும் உயிருள்ள எரிமலை ஒன்று உண்டு. அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டரில் உள்ள பாரன் தீவே அது. 1787-இல் அது வெடித்தது பதிவாகியுள்ளது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான உறக்கத்திற்குப் பின் 1991-இல் மீண்டும் விழித்தது. அதன் பிறகும் பலமுறை பொங்கியிருக்கிறது. ஆனால் ஆண்டில் பெரும்பகுதி மழை பெய்யும் அத்தீவில், நீரைக் கண்டால் கரையும் கல் நெடுநாள் நிலைத்திருக்க வழியில்லை.

நீலக்கல்லோ நம் நாட்டுக்குப் புதிதன்று. இராசத்தானத்தின் கேத்ரி செம்புச் சுரங்கப் பகுதியில் முற்காலத்தில் நீலத்துத்தம் எடுத்து விற்றிருக்கிறார்கள். சித்த மருத்துவ நூல்கள் இதைத் துருசு என்றும் மயில்துத்தம் என்றும் குறிக்கின்றன. மயிலின் கழுத்து நிறம் கண்டு பெயரிட்டவர் கண்ணுள்ளவர்! இது நஞ்சு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கற்கண்டு போல் தெரிந்தாலும் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டிய பொருள்.

நம் தோட்டத்தில்

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் தடிக்காரன்கோணத்தை அடுத்தது. என் தந்தை ரப்பர் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். விடியுமுன் பால் வெட்டு. மழைக்காலம் தொடங்குமுன் மரங்களுக்கு மருந்து அடிப்பு. தென்மேற்குப் பருவமழையில் ஒருவகைப் பூசணம் தாக்கி ரப்பர் இலைகள் பச்சையாகவே உதிரும். இன்னொரு பூசணம் கவட்டையில் இளஞ்சிவப்பாகப் படர்ந்து கிளையையே காயவைக்கும். இவற்றைத் தடுப்பது துருசும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில், சாலையோரக் கொடிகளிலிருந்து வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கத் துருசும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தார்களாம். அக்கொடிகளை மட்டும் நோய் தாக்காததை 1882-இல் கண்டவர், போர்டோ நகரப் பேராசிரியர் மில்லார்டே. ஆராய்ந்து 1885-இல் வெளியிட்டார். துருசு 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்பது ஒரு விழுக்காட்டுக் கலவை.

என் தந்தை நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கலவை சரியா என்று பார்க்க வெட்டுக்கத்தியை அதில் சற்று நேரம் முக்கி எடுப்பார். கத்தியில் செம்பு நிறம் ஏறினால், “சுண்ணாம்பு போதாது” என்பார். செம்பை விட இரும்பு வினைத்திறன் மிக்கது. கரைசலில் செம்பு தனித்து இருந்தால் இரும்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு செம்பை வெளியே தள்ளும். சுண்ணாம்பு போதுமானால் செம்பு முழுவதும் வீழ்படிவாகிவிடும். கத்தியில் ஏதும் படியாது. இரும்பு வாளியில் துருசு கரைக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம். நான் கல்லூரியில் படித்ததை அவர் முப்பது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

நான் எட்டாம் வகுப்பு படித்த ஆண்டு, கோடை மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் மிஞ்சிய 10 கிலோ துருசை நனையாமல் காக்க வேண்டும் என்று எண்ணி, என் தந்தை சாக்கோடு அதை எடுத்துப் புகைப்புரையில், அடுப்புச் சுவரின் மேல் வைத்தார். ரப்பர் ஷீட் உலர்த்த இரவு பகலாகத் தீ எரியும் இடம் அது. சில வாரம் கழித்து எடுத்தபோது கற்கள் வெளிறிப் பொடிந்திருந்தன. சுவரைத் தொட்ட பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தராசில் வைத்தார்கள், எட்டே முக்கால் கிலோதான் இருந்தது.

தோட்டத்துக்காரர் உரக்க ஏதும் சொல்லவில்லை. “ஒண்ணேகால் கிலோ எங்கே போச்சு?” என்று மட்டும் கேட்டார். மிஞ்சியதும் கெட்டுப்போன சரக்கு என்று கொட்டச் சொன்னார். இரண்டு வாரக் கூலியில் அந்தக் கணக்குத் தீர்க்கப்பட்டது. கூலி போனதை விட, அந்த ஒரு கேள்விதான் என் தந்தையைக் குன்றச் செய்தது. அதன் பிறகு அவர் அத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம் விடையும் சொன்னதில்லை. அவரிடம் விடை இல்லை.

விடை ஆய்வுக்கூடத்தில் இருந்தது. நீலக்கல்லின் மூலக்கூறு எடை 249.7. அதில் ஐந்து நீரின் எடை 90. அதாவது நூற்றுக்கு 36 பங்கு தண்ணீர். இரண்டு நீர் மூலக்கூறுகள் மட்டும் விலகினாலே நூற்றுக்கு 14.4 பங்கு எடை குறையும். 10 கிலோவில் அது 1 கிலோ 440 கிராம். எங்கள் சாக்கில் குறைந்தது ஒன்றேகால் கிலோ. பெரும்பாலான கற்கள் முதற்படியைக் கடந்திருந்தன என்று இதற்குப் பொருள். செம்பு ஒரு குன்றிமணி கூடக் குறையவில்லை. சரக்குக் கெடவும் இல்லை; தண்ணீரில் இட்டிருந்தால் பழைய நீலமாகக் கரைந்திருக்கும். எடைக்கு எடை பார்த்தால் முன்னை விட வீரியம் கூடியிருந்தது என்பதே உண்மை.

அவ்வார விடுமுறையில் ஊருக்குப் போனேன். முற்றத்தில் உடைந்த பானை ஓட்டில் ஒரு சிட்டிகை துருசை இட்டு, மெல்லிய தீயில் காட்டினேன். தந்தை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளுத்தது. ஆறவைத்து விரலால் ஒரு சொட்டு நீர் விட்டேன். நீலமாயிற்று. தாளில் கணக்கையும் போட்டுக் காட்டினேன்.

எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்பார்கள். நெடுநேரம் அந்த ஓட்டையே பார்த்திருந்துவிட்டு என் தந்தை கேட்டார்:

“அப்போ போனது வெறும் வெள்ளந்தானா, மக்களே?”

“ஆமாப்பா. வெள்ளந்தான்.”

அவர் மேற்கொண்டு ஏதும் சொல்லவில்லை. தோட்டத்துக்காரரிடம் போய்ச் சொல்வோமா என்று கேட்டேன். “எனக்குத் தெரிஞ்சாச்சுல்லா, அது போதும்” என்றார். மறுநாள் உடன் வேலை செய்பவர்களிடம், துருசை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடுப்புக்குத் தள்ளி வைக்க வேண்டும் என்றும், வெளுத்தால் கொட்டிவிடக் கூடாது என்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

முடிவுரை

வெசூவியசின் புகைவாயில் ஸ்காக்கி கண்டதும், எங்கள் புகைப்புரையின் அடுப்புச் சுவரில் வெளுத்ததும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. இரண்டு இடத்திலும் வெப்பம் நீரை விலக்கி வைத்தது. எரிமலை அதை முழுவதுமாகச் செய்தது, அடுப்பு அரைகுறையாகச் செய்தது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். “இதைப் படித்து என்ன பயன்?” என்று ஊரில் கேட்பவர் உண்டு. என்னிடம் இப்போது ஒரு விடை இருக்கிறது. நம்மில் பலருடைய பெற்றோர் உப்பளத்திலும் வயலிலும் தோட்டத்திலும் சூளையிலும் வேலை செய்கிறார்கள். அங்கே அவர்கள் அறிந்ததையும், அவர்கள் மேல் வீணாகச் சுமத்தப்பட்டதையும், நாம் படிக்கும் பாடத்தோடு வைத்து ஒருமுறை சரிபார்ப்போம். எங்கேனும் ஒரு தராசில் குறைந்தது வெறும் தண்ணீராக இருக்கலாம்.